கடலை வடிவமைப்பது என்றால் என்ன?

நீலப் பொருளாதாரம் (கடலை வைத்து நடக்கும் தொழில்கள்), கடற்கரை மேம்பாடு என்று எங்கே கூட்டம் நடந்தாலும் திரையில் ஓடும் படங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். தண்ணீரில் மிதக்கும் நகரம், கடலடியில் கண்ணாடிச் சுரங்கம், மூழ்கிக் கிடக்கும் சிலைகளுக்கு நடுவே நீந்தும் வண்ண மீன்கள். பேச்சாளர் "இனி நாம் கடலையும் வடிவமைக்கலாம்" என்பார். கேட்பவர்களில் ஒரு பாதி இது காசுள்ளவர்களின் விளையாட்டு என்று ஒதுக்கிவிடும். மறு பாதி, கடலைக் கைவைக்காமல் விட்டாலே புண்ணியம் என்று சொல்லும்.

இரண்டு தரப்பும் மனதில் வைத்திருப்பது கடலுக்குள் கொண்டுபோய் இறக்கும் ஏதோ ஒரு பொருளை. ஆனால் லேண்ட்ஸ்கேப் எனப்படும் நிலவடிவமைப்பைக் கடலுக்குக் கொண்டுபோய் உருப்படியாக வேலை செய்பவர்கள் பொருளுக்கு முன்னால் ஓட்டத்தைப் பார்க்கிறார்கள். தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது, அதோடு மணல் எங்கே போகிறது, மீன்குஞ்சும் சிப்பிக்குஞ்சும் எங்கே போய்த் தங்குகின்றன, கப்பலும் கட்டுமரமும் எந்த வழியில் போகின்றன? இந்த ஓட்டங்களில் ஒன்றைத் திருப்பினாலும் கடலை வடிவமைத்ததாகத்தான் அர்த்தம். அப்படிப் பார்த்தால் நாம் இதைத் தொடங்கி ஒன்றரை நூற்றாண்டு ஆகப்போகிறது. தெரியாமல் செய்துகொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

தெருவில் ஓடும் மழைத்தண்ணீர்

லேண்ட்ஸ்கேப் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் இருக்கும் புல்தரையும் நாலு அலங்காரப் பனையும். அது அந்தத் தொழிலின் ஓரம். ஓர் இடத்தின் மேடு பள்ளம், மண், நீர்வழி, செடிகொடி, மனிதர்களின் நடமாட்டம் எல்லாவற்றையும் சேர்த்துப் படித்து, அவை வருங்காலத்தில் எப்படி மாறும் என்று கணக்குப் போட்டு, அதற்கேற்ப இடத்தை ஒழுங்குசெய்வதற்குப் பெயர்தான் நிலவடிவமைப்பு.

ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தன் காரை உள்ளே ஏற்ற வாசலில் சிமெண்ட் சாய்தளம் கட்டுகிறார். தெருவோர வாய்க்காலை அது கொஞ்சம் மறிக்கிறது. முதல் மழைக்கு எதுவும் தெரியாது. ஐப்பசி அடைமழையில் எதிர்வீட்டுக்குள் தண்ணீர் புகுகிறது. எதிர்வீட்டுக்காரர் தன் வாசலை உயர்த்துகிறார், தண்ணீர் மூன்றாம் வீட்டுக்குப் போகிறது. சாய்தளம் கட்டியவர் தன் வாசலைச் சரிசெய்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். உண்மையில் அவர் மாற்றியமைத்தது தெருவின் வெள்ளத்தை. நிலவடிவமைப்பாளர் வாசலைப் பார்ப்பதற்கு முன் தெரு முழுவதையும் பார்ப்பார், தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதிலிருந்து தொடங்குவார்.

இந்தத் தொழில் ஆரம்பத்திலேயே கடல்நீரில் கால் நனைத்ததுதான். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த பிரெடரிக் லா ஓல்ம்ஸ்டெடிடம் 1870களின் இறுதியில் பாஸ்டன் நகரம் ஒரு சதுப்பை ஒப்படைத்தது. சாக்கடையும் கடலின் ஏற்றவற்றமும் கலந்து நாறிக்கொண்டிருந்த இடம் அது. வெள்ளம் வந்தால் தேங்கி நிற்க இடம், கடல்நீரை அளவோடு உள்ளே விடும் மதகு, உப்பைத் தாங்கும் புற்கள் என்று ஒரு சதுப்பை அவர் புதிதாகவே உருவாக்கினார். பார்த்தவர்கள் அது இயற்கையாகவே அங்கே இருந்தது என்று நினைத்தார்கள். 1910இல் சார்லஸ் ஆற்றின் முகத்தில் அணை வந்ததும் கடல்நீர் வருவது நின்றுபோனது. அவர் வைத்த உப்புநீர்ச் செடிகளுக்கு அதன்பின் அங்கே வாழ்வில்லை. செடி நட்டதில் பிழை எதுவும் இல்லை, அதை வாழவைத்த ஓட்டம் போய்விட்டது.

1960களில் ஈயன் மக்ஹார்க் என்ற நிலவடிவமைப்பாளர் இன்னொரு பழக்கத்தைச் சேர்த்தார். மண் வகைக்கு ஒரு தாள், வெள்ளம் ஏறும் இடத்துக்கு ஒரு தாள், சரிவுக்கு ஒரு தாள், காட்டுக்கு ஒரு தாள் என்று கண்ணாடிபோன்ற தாள்களில் வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பார். எங்கே நிறம் அடர்த்தியாகத் தெரிகிறதோ அங்கே கைவைக்காதே என்று பொருள். இன்று கணினியில் இடத்தரவுகளை அடுக்கிப் பார்க்கும் மென்பொருள்களுக்கு இதுவும் ஒரு முன்னோடி. அவர் இப்படி ஆராய்ந்த இடங்களில் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவும் ஒன்று. அந்தத் தீவுக்குக் கொஞ்சம் கழித்து வருவோம்.

இதுவரை பார்த்ததில் கையில் வைத்துக்கொள்ள வேண்டியது இரண்டு: ஓட்டத்தைப் படிப்பது, அடுக்குகளாகப் பார்ப்பது.

கடலில் எது நிலம்?

கரையில் நின்று பார்த்தால் கடல் ஒரே சமதளம். கீழே அப்படி இல்லை. தூத்துக்குடிப் பக்கத்து மீனவர்களும் முத்துக்குளித்தவர்களும் கடலடியை ஊரைப்போலப் பிரித்து வைத்திருந்தார்கள். பாறைத்திட்டு உள்ள இடத்துக்குப் "பார்" என்று பெயர். ஒவ்வொரு பாருக்கும் பெயர் உண்டு, தோலாயிரம் பார் என்பது அப்படி ஒரு முத்துப்படுகை. எங்கே மணல், எங்கே சேறு, எங்கே கடற்புல், எந்தக் காற்றுக்கு எந்த மீன் எங்கே வரும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. கருவிகளைக் கொண்டு இன்றைய தரத்தில் அளந்து வரைபடமாக்கப்பட்டிருப்பது உலகக் கடலடியில் இன்னும் கால்வாசியைச் சுற்றித்தான் இருக்கிறது.

ஆக, கடலுக்கும் நிலம் உண்டு. ஆனால் தரையில் பழகிய கையோடு போனால் அங்கே இடறும். தரையில் மண் அதன் இடத்தில் கிடக்கிறது, தண்ணீர் ஓடுகிறது. கடலோரத்தில் மண்ணே ஓடுகிறது. இந்த ஒன்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது என்பதால் இதை மட்டும் நிதானமாகப் பார்ப்போம்.

அலை கரைக்கு நேராக வருவது அபூர்வம். காற்று எந்தப் பக்கம் இருந்து தள்ளுகிறதோ அதற்கேற்பச் சாய்வாகத்தான் வரும். சாய்வாக ஏறும் அலை மணலையும் சாய்வாக மேலே தள்ளும். திரும்பும் தண்ணீருக்கு அந்தச் சாய்வு கிடையாது, சரிவில் நேரே இறங்கிவிடும். கூடவே மணலும் இறங்கும். ஓர் அலை போய் வந்த பிறகு அந்த மணல்துகள் பக்கவாட்டில் கொஞ்சம் நகர்ந்திருக்கும். அடுத்த அலைக்கு இன்னும் கொஞ்சம். இப்படிக் கரையை ஒட்டியே மணல் பயணிப்பதைக் கரையோர மணலோட்டம் என்கிறார்கள்.

சோழமண்டலக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இந்த ஓட்டம் வடக்கு நோக்கிப் போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கு நோக்கித் திரும்பும். வடக்கே போகும் மாதங்கள் அதிகம் என்பதால் ஆண்டுக் கணக்கில் வடக்கே போவதுதான் மிச்சம். சென்னைப் பக்கத்தில் அப்படிப் போகும் மணல் ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர். கண்ணுக்குத் தெரியாத ஒரு மணலாறு கரையை ஒட்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

மெரினாவைப் போட்டது யார்?

1876இல் சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் வேலை தொடங்கியது. கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்சுவர் அது. 1881 புயல் பாதியை உடைத்துப்போட்டது, மறுபடி கட்டினார்கள். அந்தச் சுவர் மணலாற்றின் குறுக்கே நின்றது. தெற்கிலிருந்து வந்த மணல் சுவரில் முட்டிப் படியத் தொடங்கியது. முன்பு சாலைக்கு அருகிலேயே அலையடித்த இடத்தில் கரை வருடத்துக்கு வருடம் கிழக்கே தள்ளிப்போனது.

மெரினாவை உருவாக்கியவர் யார் என்று கேட்டால் ஆளுநர் கிராண்ட் டஃப் என்று பதில் வரும். 1880களில் உலாவும் சாலையைப் போட்டவர் அவர்தான். ஆனால் இன்று நாம் மூச்சு வாங்க நடந்து தண்ணீரைத் தொடும் அந்த அகலமான மணல்வெளியைப் பெருமளவு போட்டது துறைமுகம்.

தெற்கே சேர்ந்த மணல் வடக்கே போயிருக்க வேண்டியது. சுவருக்கு வடக்கே அலை வழக்கம்போல மணலை எடுத்துப்போனது, ஈடுகட்டத்தான் புதுமணல் வரவில்லை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கரை அரித்துக்கொண்டே போய், வீடுகளும் கோயில்களும் சாலையும் கடலுக்குப் போயின. கரையைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டினார்கள். அப்புறம் தூண்டில் வளைவுகள் வந்தன. கரையிலிருந்து கடலுக்குள் குட்டையாக நீட்டப்படும் கற்கரைகள் அவை. ஒரு வளைவு தன் தெற்குப் பக்கத்தில் கொஞ்சம் மணலைப் பிடித்துவைக்கும். அதற்கு வடக்கே இருக்கும் குப்பத்துக்கு அந்த மணல் போகாது. உடனே அந்த ஊரும் தங்களுக்கு ஒரு தூண்டில் வளைவு வேண்டும் என்று மனு கொடுக்கும். கேட்பதில் தப்பே இல்லை, வீடு போகிறவர்கள் வேறு என்ன கேட்பார்கள்? எதிர்வீடு, மூன்றாம் வீடு, நான்காம் வீடு என்ற அதே கதைதான்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் போகும்போது கிழக்கே பாருங்கள். கிலோமீட்டர் கணக்கில் கற்குவியல் தெரியும், கால் வைக்க மணல் இருக்காது. வலை காயப்போடவும் படகை இழுத்துவைக்கவும் இருந்த இடம் அது. துறைமுகத்தை வரைந்தவர்கள் கப்பலுக்கு அலையில்லாத தண்ணீரைத்தான் வடிவமைத்தார்கள். கூடவே மெரினாவையும் இந்தக் கற்குவியலையும் வடிவமைத்துவிட்டோம் என்பது அவர்கள் தாளில் இல்லை.

சுருக்கமாக: கரையில் எதைக் கட்டினாலும் அது மணலாற்றின் மேல்தான் கட்டப்படுகிறது. ஓரிடத்தில் மணல் சேர்ந்தால் இன்னோரிடத்தில் குறையும்.

அலையை நிறுத்துவதும் தளர்த்துவதும்

சரி, அரிக்கும் கரையில் சுவர் கட்டாமல் வேறு என்ன செய்வது?

செங்குத்தான சுவரில் மோதும் அலை அதே வேகத்தில் திரும்பும். திரும்பும் அலை சுவரின் அடியில் இருக்கும் மணலைத் தோண்டும். கொஞ்சகாலத்தில் சுவருக்கு முன்னால் ஆழம் கூடி, இன்னும் பெரிய அலை கிட்டே வரும். கல்லைக் கொட்டிய இடத்திலேயே மறுபடி மறுபடி கொட்ட வேண்டியிருப்பது இதனால்தான்.

இன்னொரு வழி, அலையைக் கரைக்கு வருமுன்பே களைக்க வைப்பது. ஆழமான நீரில் அலைக்கு அடித்தளம் தெரியாது. ஆழம் குறையும்போது அதன் கால் தடுக்கி, மேல்பகுதி முன்னே சரிந்து உடையும். கரைக்குக் கொஞ்ச தூரம் முன்னால் நீருக்கடியில் ஒரு மேட்டை வைத்தால் அலை அங்கேயே உடைந்துவிடும். அலையின் உயரம் பாதியானால் அதன் ஆற்றல் கால்பங்காகிவிடுவதால், பாதி வேலை செய்தாலே பலன் பெரிது. மேட்டுக்குப் பின்னால் நீர் அமைதியாகும். அமைதியான நீரால் மணலைச் சுமக்க முடியாது, இறக்கிவிடும். இயற்கையில் பவளப்பாறைகள் செய்வது இதைத்தான்.

புதுச்சேரியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகச் சுவர்கள் வந்தபின் நகரின் கடற்கரைச் சாலையில் மணல் காணாமல் போய், கருங்கல் மட்டும் மிஞ்சியது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அங்கே கடலில் கால் நனைக்காமலே வளர்ந்தார்கள். 2018 வாக்கில் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே, கரையை ஒட்டிய கடலில் ஆப்பு வடிவ இரும்புக் கட்டமைப்பு ஒன்றை மூழ்கவைத்தது. செயற்கைத் திட்டு என்று அதைச் சொல்லலாம். சில மாதங்களில் மணல் சேர்ந்து, மக்கள் மறுபடி கரையில் இறங்கி நடந்தார்கள். ஆனால் புதுவைக்கு வடக்கே, தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி போன்ற மீனவ ஊர்களில் அரிப்பு தொடர்ந்தது. கடலுக்கு மாநில எல்லை தெரியாது. வடிவமைப்பவரின் தாளில் புதுச்சேரி மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு இதைவிடப் பக்கத்து உதாரணம் இல்லை.

ஸ்டேட்டன் தீவின் கல்மேடுகள்

நிலவடிவமைப்பாளர்களே முன்னின்று கடலுக்குள் செய்த வேலைகளில் அதிகம் பேசப்படுவது நியூயார்க்கில் இருக்கிறது. 2012 அக்டோபர் 29 அன்று சாண்டி புயல் தாக்கியபோது ஸ்டேட்டன் தீவின் தென்முனையில் இருக்கும் டாட்டன்வில் மோசமாக அடிபட்டது. 19ஆம் நூற்றாண்டில் சிப்பி எடுப்பவர்களால் செழித்த ஊர் அது. நியூயார்க் துறைமுகம் முழுக்கச் சிப்பித்திட்டுகள் இருந்த காலம். அளவுக்கு மீறி எடுத்ததிலும் சாக்கடையிலும் அவை அழிந்தன. திட்டுகள் போனதோடு அலையைத் தடுக்கும் மேடுகளும் போய்விட்டன.

கேட் ஆர்ஃப் என்ற நிலவடிவமைப்பாளரின் ஸ்கேப் நிறுவனம் அங்கே வடிவமைத்ததன் பெயர் லிவிங் பிரேக்வாட்டர்ஸ், அதாவது உயிருள்ள அலைத்தடுப்பு. கரையிலிருந்து தள்ளி, கடலுக்குள் தனித்தனியாக எட்டுக் கல்மேடுகள். மொத்த நீளம் ஏறக்குறைய 730 மீட்டர். 2021இல் கட்டத் தொடங்கி 2024இல் முடித்தார்கள்.

கிட்டப்போய்ப் பார்த்தால்தான் இதில் வடிவமைப்பு எங்கே இருக்கிறது என்று தெரியும். சாதாரண அலைத்தடுப்பு ஒரே சீரான கற்குவியல். இங்கே கடல் பக்கமாக விரல்களைப்போலக் கல்வரிசைகள் நீள்கின்றன. இரண்டு வரிசைகளுக்கு நடுவே குறுகலான சந்துகள். அதற்கு "பாறைத் தெருக்கள்" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். குஞ்சுமீன்கள் பெரிய மீன்களிடமிருந்து தப்பி ஒளிந்துகொள்ள அந்த அகலம். நீர்மட்டம் ஏறி இறங்கும் இடத்தில் வைத்த கான்கிரீட் கட்டிகள் சிலவற்றின் தலையில் கிண்ணம்போலக் குழி இருக்கிறது, கடல் வற்றும்போதும் அதில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். மற்றக் கட்டிகளின் மேற்பரப்பு வழவழவென்று இல்லை, வேண்டுமென்றே சொரசொரப்பாக, வரிவரியாக வார்த்திருக்கிறார்கள்.

எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும்? சிப்பி, பாறையில் ஒட்டி வாழும் கொட்டலசு, பவளம் போன்றவற்றின் குஞ்சுகள் முதல் சில நாட்களோ வாரங்களோ கண்ணுக்குத் தெரியாத அளவில் தண்ணீரோடு மிதந்து திரியும். இவற்றை இளவுயிரி என்போம். சிப்பியின் இளவுயிரி இரண்டு மூன்று வாரம் மிதந்துவிட்டு ஒட்டிக்கொள்ளக் கெட்டியான இடம் தேடும். கிடைக்காவிட்டால் சேற்றில் விழுந்து சாகும். வழவழப்பான கான்கிரீட்டில் அலை அதை வழித்துவிடும். பள்ளமும் வரியும் இருந்தால் ஒண்டிக்கொள்ளும், வெயிலில் ஈரமும் நிற்கும். ஒரு சிப்பி ஒட்டினால் அதன் ஓட்டின் மேல் அடுத்தது ஒட்டும். இப்படி மேடு தானாக வளரும் வாய்ப்பை ஏற்படுத்திவிட்டு வடிவமைப்பாளர் விலகிக்கொள்கிறார். கூடவே, சிப்பி உணவுக்காகத் தண்ணீரை வடிகட்டும்.

இந்தத் திட்டத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு: அடுத்த புயலில் வெள்ளமே வராது என்று. அப்படி யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. புயலில் கடல்மட்டமே உயர்ந்து ஊருக்குள் ஏறுவதை இடைவெளி விட்டு நிற்கும் மேடுகளால் தடுக்க முடியாது. வீட்டுச்சுவரை உடைக்கும் அலையின் அடியைக் குறைக்கும், கரை அரிப்பை மெதுவாக்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

இருபது லட்சம் டயர்

கடலில் எதைப் போட்டாலும் மீன் வரும் என்று ஒரு பேச்சு உண்டு. ஓரளவு உண்மைதான். கல்லைக் கட்டித் தென்னங்கீற்றையும் மரக்கிளையையும் கடலில் இறக்கி மீன் சேர்ப்பது நம் மீனவர்களுக்கும் தெரிந்த வித்தை. இதை நம்பி 1970களில் அமெரிக்காவின் புளோரிடாவில், போர்ட் லாடர்டேலுக்கு எதிரே, சுமார் இருபது லட்சம் பழைய டயர்களைக் கட்டுக்கட்டாகக் கடலில் போட்டார்கள். குப்பையும் கழியும், பவளமும் வளரும் என்று கணக்கு. கட்டிய கயிறும் கம்பியும் இற்றுப்போயின. டயர் கனமில்லாத பொருள், ஒவ்வொரு புயலுக்கும் உருண்டது. உருளும் பரப்பில் பவளம் எப்படி ஒட்டும்? பக்கத்தில் இருந்த இயற்கைப் பாறைகளில் போய் மோதி, இருந்த பவளத்தையும் கெடுத்தது. பிறகு ராணுவ முக்குளிப்பவர்களை வைத்து அவற்றை அள்ள வேண்டிவந்தது.

எடை, நிலைத்தன்மை, மேற்பரப்பு, வைக்கும் இடம் என்று ஒன்றையும் யோசிக்காமல் கடலில் இறக்குவதற்குப் பெயர் வடிவமைப்பு அல்ல. "செயற்கைப் பவளப்பாறை" என்று செய்தியில் பார்த்தால் நான் முதலில் தேடுவது இந்த நான்கையும்தான்.

மன்னார் வளைகுடாவில் இரண்டு தீவுகள் போயின

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் 21 தீவுகள் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டும் இப்போது தண்ணீருக்கு அடியில். சுண்ணாம்புக்கும் கட்டட வேலைக்கும் பல ஆண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். அலையை உடைத்துக்கொண்டிருந்த மேடு போனதும் தீவின் மணல் அரித்துப்போயிற்று. இதுவும் மனிதர் செய்த வடிவமைப்புதான், தலைகீழாக.

தூத்துக்குடிக்கு அருகில் வான் தீவும் அதே வழியில் சுருங்கிக்கொண்டிருந்தது. 2015க்குப் பிறகு அதன் கடல் பக்கத்தில் துளைகள் வைத்த கான்கிரீட் கட்டிகளை வரிசையாக இறக்கினார்கள். அலை துளைகளின் வழியாகப் போகும்போது வலு குறைகிறது, ஆனால் தண்ணீரும் இளவுயிரிகளும் தடையில்லாமல் போய்வருகின்றன. கட்டிகளில் பவளம் பிடிக்கிறது, மீன் ஒதுங்குகிறது, தீவு தாக்குப்பிடிக்கிறது. சுவராகக் கட்டியிருந்தால் முதல் வேலை மட்டுமே நடந்திருக்கும்.

பாக் விரிகுடாவில் இன்னும் சன்னமான வேலை ஒன்று நடக்கிறது. மூங்கில் சட்டத்தில் தென்னங்கயிற்றைக் குறுக்கும் நெடுக்கும் கட்டி, கடற்புல் துண்டுகளை அதில் முடிந்து, கடலடியில் பதிக்கிறார்கள். புல் வேர்விட்டுக் கொஞ்சகாலத்தில் மூங்கிலும் கயிறும் மக்கிப்போகும். கட்டிய பொருள் காணாமல் போவதே இங்கே திட்டம். கடற்புல் கடலடி மணலைப் பிடித்துவைக்கும், கடற்பசுவுக்கு அதுதான் தீனி. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது இந்தப் புல்வெளிகளை வைத்துத்தான்.

கோடு போடுவதும் வடிவமைப்புதான்

கரையைத் தாண்டி ஆழ்கடலுக்குப் போனால் கட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அங்கே கருவி கோடும் காலமும்.

நமக்கு இது புதிதல்ல. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், கரையை ஒட்டிய கடலை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்குகிறது, விசைப்படகு அதற்கு அப்பால் போக வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. முன்னது இடத்தைப் பிரிக்கிறது, பின்னது காலத்தைப் பிரிக்கிறது. இப்படி யார், எங்கே, எந்த ஆழத்தில், எப்போது கடலைப் பயன்படுத்தலாம் என்று வகுப்பதைக் கடல்பரப்புத் திட்டமிடல் என்கிறார்கள்.

இதில் பெரிய அளவில் சாதித்தது ஆஸ்திரேலியாவின் கிரேட் பாரியர் ரீஃப் என்ற பவளப்பாறைப் பகுதி. முதலில் அங்கே மீன்பிடியே கூடாத பகுதி ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. 2004இல் வரைபடத்தைத் திருத்தியபோது அதை 33 சதவீதமாக்கினார்கள். அழகான பவளம் இருக்கும் இடத்தை மட்டும் காப்பதை விட்டு, கடலடியை 70 வகை வாழிடமாகப் பிரித்து, சேறும் மணலும் உட்பட ஒவ்வொரு வகையிலும் ஒரு பங்கைக் காத்தார்கள். மக்ஹார்க் தாள் அடுக்கிய அதே பழக்கம்.

இலங்கையின் தென்முனையான தேவேந்திரமுனைக்கு அருகே உலகின் நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று போகிறது. நீலத்திமிங்கிலங்கள் இரை தேடும் இடமும் அதுவே. கப்பல் மோதித் திமிங்கிலம் சாவது வழக்கமாக இருந்தது. 2022இல் எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் நிறுவனம் தன் கப்பல்களை இன்னும் தெற்கே தள்ளி ஓட்டத் தொடங்கியது. கடலில் ஒரு கல்கூட வைக்காமல், வரைபடத்தில் கோட்டை நகர்த்தியதுதான் வேலை.

கோடு போடும்போது பென்சில் யார் கையில் என்பதும் முக்கியம். நார்வேயின் ஒத்துழைப்போடு புதுச்சேரிக்கும் லட்சத்தீவுகளுக்கும் கடல்பரப்புத் திட்டமிடல் முன்னோட்டமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. செயற்கைக்கோள் படத்தில் வெறும் நீலமாகத் தெரியும் இடத்தில் ஒரு ஊரின் பாடு, அதாவது அவர்கள் மீன்பிடிக்கும் இடம், இருக்கும். கச்சான் காற்றில் ஓர் இடம், வாடைக் காற்றில் வேறோர் இடம், கொண்டல் காற்றில் கரையோடு என்று அது மாறும். அந்தத் தாளையும் அடுக்கில் வைக்காமல் காற்றாலைக்கும் துறைமுகத்துக்கும் கட்டம் போட்டால், நாளைக்குச் சண்டை நடுக்கடலில்தான் நடக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கடல் சூடாவதையும் கடல்மட்டம் உயர்வதையும் எந்த வடிவமைப்பும் நிறுத்தாது. வெப்பத்தால் பவளம் வெளிறும்போது இயற்கைப் பாறையும் கான்கிரீட் கட்டியும் ஒரே கதிதான்.

கட்டி முடித்த பிறகு

கட்டடம் என்றால் திறப்புவிழாவோடு முடிந்தது. கடலில் அப்போதுதான் ஆரம்பம். புதுச்சேரித் துறைமுகத் திட்டத்திலேயே தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே தள்ளும் ஏற்பாடு இருந்தது. அது தொடர்ந்து நடக்கவில்லை. நடந்திருந்தால் மேலே சொன்ன இரும்புத் திட்டுக்குத் தேவை வந்திருக்குமா என்பதே சந்தேகம்.

இதைத் தொடர்ந்து செய்யும் ஓர் இடம் ஆஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகம். ஆற்றின் இரு கரையிலும் கட்டிய சுவர்களால் வடக்கே கோல்ட் கோஸ்ட் கடற்கரைகளுக்கு மணல் போகாமல் நின்றது. 2001 முதல் அங்கே கடலுக்குள் நீளும் 450 மீட்டர் பாலத்தின் அடியில் பம்புகள் மணலைத் தண்ணீரோடு உறிஞ்சி, ஆற்றுக்கு அடியில் போகும் குழாய் வழியாக வடகரைக்கு அனுப்புகின்றன. ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் கன மீட்டர். சுவர் மறித்த மணலாற்றை எந்திரம் வைத்து ஓட்டுகிறார்கள்.

முதல் சில ஆண்டுகளில் பழைய பாக்கியையும் சேர்த்துத் தள்ளியதில் மணல் அளவுக்கு மீறிப்போனது. அலைச்சறுக்குக்காரர்கள் கொண்டாடும் நீளமான அலை ஒன்று வடகரையில் புதிதாகப் பிறந்தது. ஆனால் அதற்கும் அப்பால் இருந்த கிர்ராவில் கடற்கரை வேண்டாத அளவுக்கு அகலமாகி, பேர்போன அலையும் கடலடிப் பாறையும் மணலுக்குள் புதைந்தன. ஊர்க்காரர்கள் சத்தம் போட்டார்கள். பாக்கி தீர்ந்தபின் பம்பு செய்யும் அளவை இயற்கையான மணலோட்டத்தின் அளவுக்கு இறக்கினார்கள். கிர்ராவின் அலை மெல்லத் திரும்பி வந்தது. பம்புகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.